ஆங்கிரின் ரிபீட் கொண்ட புரதங்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன?

கேட்டவர் ஓர் ஆய்வு மாணவர். தமது மரபணுப் பட்டியலில் பல இடங்களில் "ஆங்கிரின் ரிபீட் கொண்ட புரதம்" என்ற குறிப்பு மட்டுமே இருப்பதாகவும், அதை வைத்து அந்தப் புரதத்தின் பணியைச் சொல்லிவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். முடியாது என்பதே நேரான பதில். ஏன் முடியாது என்பதில்தான் இந்தப் புரதக் குடும்பத்தின் சுவாரசியம் அடங்கியிருக்கிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. ரிபீட் என்பது புரதச் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு அமினோ அமில வரிசை. இந்த வரிசை 1987-இல் முதலில் கண்ணில் பட்டது, ஈஸ்ட்டின் செல் சுழற்சியோடு தொடர்புடைய சில புரதங்களிலும் பழ ஈயின் நாட்ச் புரதத்திலும்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, சிவப்பணுச் சவ்வில் உள்ள ஆங்கிரின் புரதத்தில் இதே வரிசை 24 முறை அடுத்தடுத்து வருவது தெரிந்ததும், பெயர் அதனுடையதாகிவிட்டது. நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிரின் உண்மையிலேயே நங்கூரம்தான்: ஒரு பக்கம் சவ்விலுள்ள பேண்ட் 3 புரதத்தையும், மறுபக்கம் சவ்வுக்கு உள்ளே வலைபோல் விரிந்த ஸ்பெக்ட்ரினையும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இதே பெயரைத் தாங்கிய மற்ற புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கும் நங்கூர வேலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு ரிபீட்டை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். சுமார் 33 அமினோ அமிலங்கள். இரண்டு ஆல்ஃபா சுருள்கள் எதிரெதிர்த் திசையில் ஒட்டி நிற்கின்றன. அடுத்த ரிபீட்டுக்குச் செல்லும் இணைப்பு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போல, சுருள்களுக்கு ஏறக்குறைய செங்குத்தாக வெளியே நீண்டு திரும்புகிறது. முதல் சுருளின் தொடக்கத்தில் திரியோனின், புரோலின், லூசின், ஹிஸ்டிடின் என்ற நான்கும் இதே வரிசையில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். திரியோனினும் ஹிஸ்டிடினும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து அந்தத் திருப்பத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது இந்த நான்கைத்தான்.

ரிபீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, உட்புறச் சுருள்கள் வெளிப்புறச் சுருள்களைவிடக் குட்டையாக இருப்பதால் அடுக்கு முழுவதும் வளைகிறது. எதையோ வாங்குவதற்காகக் குவித்த கையை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகள் விரல்கள், உட்புறச் சுருள்கள் உள்ளங்கை. பெரும்பாலான கூட்டாளிப் புரதங்கள் வந்து அமர்வது இந்தக் குழிவில்தான்.

சாதாரண உருண்டைப் புரதங்களில், சங்கிலியின் தொலைதூரப் பகுதிகள் வந்து சேர்ந்துதான் வடிவம் உருவாகும். இங்கே ஒவ்வொரு ரிபீட்டும் பக்கத்து ரிபீட்டை மட்டுமே தொடுகிறது. ஆகவே டிபன் கேரியரில் அடுக்கைக் கூட்டிக் குறைப்பதுபோல, பரிணாமம் நான்கிலும் நிறுத்தலாம், இருபத்தொன்பதுக்கும் போகலாம். ஆனால் கேரியருக்கு மூடியும் அடித்தட்டும் வேண்டும்: முனையிலுள்ள ரிபீட்டுகளின் வெளிப்பக்கம் நீரோடு ஒத்துப்போவதாக இருந்தாக வேண்டும். இதைப் பொருட்படுத்தாமல், நடுவிலிருந்து மூன்று ரிபீட்டுகளை மட்டும் வெட்டி ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்க ஒருமுறை முயன்றேன். நீரை வெறுக்கும் பரப்புகள் இரு முனைகளிலும் திறந்து கிடந்ததால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புரதம் முழுவதும் குழாயின் அடியில் வெள்ளை வண்டலாகவே வந்து சேர்ந்தது.

பணிகளுக்கு வருவோம். இந்த அடுக்கு தானாக எந்த வேதிவினையையும் நடத்துவதில்லை. பிடிப்பதே அதன் வேலை. எதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கதை மாறுகிறது. பி16 என்ற சிறு புரதத்தில் நான்கே ரிபீட்டுகள். அது சிடிகே4, சிடிகே6 என்ற கைனேஸ்களை (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதிகளை) பிடித்து வளைத்து, அவற்றை இயக்கும் சைக்ளின் டி புரதம் சேரவிடாமல் செய்து, செல் பிரிவை நிறுத்துகிறது. அதன் மரபணு பழுதான குடும்பங்களில் மெலனோமாவும் கணையப் புற்றும் வரும் அபாயம் அதிகம். ஐகப்பாபி ஆல்ஃபாவில் ஆறு ரிபீட்டுகள். அழற்சியைத் தூண்டும் என்எஃப் கப்பாபியை அது சைட்டோபிளாசத்திலேயே கட்டிவைக்கிறது. சமிக்ஞை வந்ததும் தானே சிதைக்கப்பட, விடுபட்ட கைதி உட்கருவுக்குள் நுழைகிறது. அதன் கடைசி இரண்டு ரிபீட்டுகள் தனித்திருக்கையில் தளர்வாக இருந்து, கூட்டாளியைப் பிடித்த பிறகே இறுகுகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்திலேயே அழகான விவரம் இதுதான்.

பழ ஈயின் தொடு உணர்வுக்கான நாம்ப்சி அயனி வாயிலில், நான்கு சங்கிலிகளிலும் 29 ரிபீட்டுகள் சுருள்வில்லைப் போல இறங்கி, செல்லின் உட்சட்டகமான நுண்குழல்களோடு இணைகின்றன. இழுவிசை வாயிலை எட்டுவது இந்த வில்லின் வழியாகத்தான். மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 வாயிலிலும் ஆறு ரிபீட்டுகள் உண்டு. ஆனால் கேப்சைசின் அமர்வது சவ்வுக்குள் இருக்கும் பகுதியில், ரிபீட்டுகளில் அல்ல. பெயரைப் பார்த்துப் பணியை ஊகித்தால் சறுக்குவோம் என்பதற்கு இதுவே போதும். செல்லுக்குள் புகும் லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இந்த அடுக்கு கொண்ட புரதங்களை அனுப்பி விருந்தோம்பியின் புரதங்களைக் கையாள்கின்றன.

மேற்பரப்பு மாறலாம், சட்டகம் மாறாது என்ற இந்தப் பண்பைப் பயன்படுத்தி, 2000-களின் தொடக்கத்தில் சூரிக் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரேயாஸ் புளூக்துன் குழுவினர், எதிர்ப்பொருள்களுக்கு மாற்றாக டார்பின் என்ற செயற்கைப் புரதங்களை உருவாக்கினர். அவை உறுதியானவை, சிறியவை, ஈ.கோலையிலேயே ஏராளமாகக் கிடைப்பவை. ஆனாலும் விழித்திரை நோய்க்கான அபிசிபார் என்ற டார்பின் மருந்தை, கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டதால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் ஏற்கவில்லை.

இனி உங்கள் பட்டியல். "ஆங்கிரின் ரிபீட்" என்ற குறிப்பை ஒதுக்கிவிட்டு, அதே சங்கிலியில் வேறு என்ன டொமைன் (தனி வடிவமும் பணியும் கொண்ட பகுதி) இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: கைனேஸா, அயனி வாயிலா, டிஎன்ஏவோடு இணையும் பகுதியா? பிறகு, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் தரும் மாதிரியை எடுத்து, நெருங்கிய உயிரினங்களின் வரிசைகளை அதன்மேல் பொருத்துங்கள். சட்டகத்துக்கான எச்சங்கள் (சங்கிலியிலுள்ள தனித்தனி அமினோ அமிலங்கள்) எப்படியும் மாறாதிருக்கும். அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குழிவில், விரல் நுனிகளில், சட்டகத்துக்குத் தேவையே இல்லாத ஓர் எச்சம் எல்லா உயிரினங்களிலும் மாறாமல் நின்றால், அதைப் பிறழ்வு செய்து, எந்தக் கூட்டாளி கைவிட்டுப் போகிறது என்று, ஒரு புரதத்தைப் பிடித்து அதோடு ஒட்டியவற்றையும் சேர்த்து இழுத்தெடுக்கும் புல்-டவுன் சோதனையில் பாருங்கள்.