கோனிக்ஸ்பெர்கின் கரிக்கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரின் எம்டன் பற்றிய உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் கோனிக்ஸ்பெர்க் என்ற இன்னொரு ஜெர்மன் குரூஸரை, அதாவது வேகமான போர்க்கப்பலை, குறிப்பிட்டு, அதன் கதை எம்டனுடையதைவிடப் பெரியது என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். ஏமாற்றமாக இருந்தது. போர் முழுவதும் அது பிடித்தது ஒரே ஒரு வணிகக் கப்பல். மூழ்கடித்தது, பழுதுபார்க்க நிறுத்தியிருந்த ஒரு பழைய போர்க்கப்பல். அப்புறம் ஓர் ஆற்றுக்குள் ஒளிந்திருந்து அங்கேயே அழிந்தது. எம்டனோ மூன்று மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே வேகம், இரண்டிலும் அதே பத்து பீரங்கிகள். அப்படியானால் கோனிக்ஸ்பெர்கின் கேப்டன் திறமையில்லாதவர் என்றுதானே அர்த்தம்? எதை வைத்து இதைப் பெரிய கதை என்கிறீர்கள்?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

கேப்டன் மாக்ஸ் லோஃபை நான் திறமையில்லாதவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் எம்டனின் கார்ல் வான் முல்லருக்கும் இருந்த முதல் வித்தியாசம் நிலக்கரி. நீங்கள் படித்த குறிப்புகள் அதை ஒரே வரியில் கடந்திருக்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோனிக்ஸ்பெர்க் கீல் நகரத்துக் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு 1907 ஏப்ரலில் சேவைக்கு வந்தது. நீளம் 115 மீட்டர். 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று, சுமார் 320 பேர் வேலை செய்த கப்பல். முதல் சில வருடங்கள் ஐரோப்பியக் கடல்களில் பயிற்சியும், ஜெர்மன் பேரரசரின் உல்லாசக் கப்பலுக்குத் துணையாகப் போவதுமாகக் கழிந்தன. அதில் நமக்கு ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது அதன் கரி அறைகளை. அவற்றில் எண்ணூறு டன்னுக்குச் சற்று மேல் கரி கொள்ளும். 12 நாட் வேகத்தில் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) மெதுவாகப் போனால் கப்பலை அதை வைத்து மூன்று வாரம் ஓட்டலாம். ஆனால் நீராவிக் கப்பலில் வேகம் இரட்டிப்பானால் மணிக்கு எரியும் கரி ஏறத்தாழ எட்டு மடங்காகும். அதாவது 24 நாட்டில் ஓடினால் அதே கரி மூன்று நாள்கூட வராது. ஓடித் தப்பிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த வாரத்தின் பயணத்தைத் தின்றுவிடும்.

1914 ஜூன் தொடக்கத்தில் இந்தக் கப்பல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) தலைநகரான தார் எஸ் சலாமுக்கு வந்து சேர்ந்தது. ஜூலை 31 அன்று, போர் மூளும் என்று தெரிந்ததும் லோஃப் துறைமுகத்தை விட்டு வெளியேறினார். பிரிட்டிஷ் கேப் படைப்பிரிவின் பழைய குரூஸர்கள் மூன்று அவரைச் சூழப் பார்த்தன. முழு வேகம் எடுத்து அவற்றை உதறிவிட்டுப் போனார். கரிக்கணக்கு அன்றே இடிக்கத் தொடங்கியது.

ஆகஸ்ட் 6 அன்று ஓமன் கரைக்கு அப்பால் தேயிலை உள்ளிட்ட சரக்கோடு லண்டன் போய்க்கொண்டிருந்த சிட்டி ஆஃப் வின்செஸ்டரைப் பிடித்தார். இந்தப் போரில் பிரிட்டன் இழந்த முதல் வணிகக் கப்பல் அதுதான். அதன் கரியை எடுத்துக்கொண்டு கப்பலை மூழ்கடித்தார்கள். ஆனால் அது தரம் குறைந்த இந்தியக் கரி. ஈர விறகை வைத்துச் சமைக்கிற மாதிரி: புகை அதிகம், சூடு குறைவு. எம்டனை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் மினிக்காய் அருகே அது பியூரெஸ்க் என்ற கப்பலைப் பிடித்தது. உள்ளே இருந்தது ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கார்டிஃப் கரி. பிரிட்டிஷ் கடற்படைக்கென்றே அனுப்பப்பட்ட உயர்ந்த சரக்கு. முல்லர் அந்தக் கப்பலையே தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். லோஃபுக்கு அப்படி ஒன்று கடைசி வரை கிடைக்கவில்லை. பக்கத்துப் போர்ச்சுகீசியத் துறைமுகங்களில் இருந்த கரியையும் பிரிட்டிஷார் முன்கூட்டியே வாங்கி முடக்கிவிட்டார்கள்.

துறைமுகமும் கைவிட்டுப் போனது. ஆகஸ்ட் 8 அன்று ஒரு பிரிட்டிஷ் குரூஸர் தார் எஸ் சலாமின் வானொலி நிலையத்தைத் தாக்கியது. பயந்துபோன உள்ளூர் நிர்வாகம் மிதக்கும் கப்பல்தளத்தைத் துறைமுக வாயிலிலேயே மூழ்கடித்து வழியை அடைத்துக்கொண்டது. கடலில் இருந்த சொந்தக் கப்பலுக்கு இனி வீடு இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை. கரி ஏறக்குறையத் தீர்ந்த நேரத்தில் சோமாலி என்ற துணைக்கப்பல் வந்து சேர்ந்ததால் லோஃப் பிழைத்தார். செப்டம்பர் 3 அன்று இரண்டு கப்பல்களும் தார் எஸ் சலாமுக்குத் தெற்கே உள்ள ரூஃபிஜி ஆற்றின் கழிமுகத்துக்குள் நுழைந்தன. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே பின்னிக்கிடக்கும் கால்வாய்கள் அவை. பெரிய கப்பல் உள்ளே போகலாம் என்பதே பிரிட்டிஷாருக்குத் தெரியாது. சமீபத்தில் ஆழம் அளந்து வரைபடம் போட்டிருந்தவர்கள் ஜெர்மானியர்கள் மட்டுமே.

பழைய கப்பல் என்று நீங்கள் சொன்ன பெகாசஸை செப்டம்பர் 20 விடியற்காலையில் சான்சிபார் துறைமுகத்தில் தாக்கினார்கள். எஞ்சின் வேலைக்காக நங்கூரமிட்டிருந்தது, தப்பிக்க வழியில்லை. அதன் பீரங்கிக் குண்டுகள் கோனிக்ஸ்பெர்க் வரை எட்டவுமில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதில் வீரம் அதிகமில்லை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து, 22ஆம் தேதி இரவில், எம்டன் சென்னை எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டது. ஒரே வாரத்தில் இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகளிலும் பிரிட்டிஷ் கொடி அடிவாங்கியது. லோஃபின் திட்டம் அதோடு தெற்கே போய் ஜெர்மனி திரும்புவது. ஆனால் எஞ்சினின் முக்கியமான இணைப்புப் பாகம் ஒன்று உடைந்தது. திரும்ப ரூஃபிஜிக்குள்ளேயே போகவேண்டியதாயிற்று.

நான் இந்தக் கதையைப் பெரியது என்று சொன்னதற்குக் காரணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உடைந்த பாகத்தைச் சரிசெய்யும் பட்டறை தார் எஸ் சலாமில் இருந்தது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கடல் வழி பிரிட்டிஷார் கையில். எனவே கனமான இரும்புப் பாகங்களைக் காட்டுப்பாதையிலும் சேற்றிலும் தரைவழியாகக் கொண்டுபோய், சரிசெய்து, மறுபடி கொண்டுவந்தார்கள். இழுத்தவர்கள் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். கப்பலின் பயணக்கணக்கை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் 'பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டன' என்று முடித்துவிடுகிறார்கள். யார் கொண்டுசென்றார்கள் என்று கேட்டால் பதிலில் ஒரு பெயர்கூட வராது. எனக்கு அது உறுத்துகிறது.

அக்டோபர் 30 அன்று சாத்தம் என்ற பிரிட்டிஷ் குரூஸர் மரங்களுக்கு மேலே தெரிந்த பாய்மரக் கம்பங்களைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு டார்ட்மவுத், வெய்மவுத் என்று புதிய குரூஸர்களும் வாயிலில் காவல் நின்றன. எம்டனைத் தேடிப் போயிருக்க வேண்டிய கப்பல்கள் இவை. நவம்பர் 10 அன்று, எம்டன் கோகோஸ் தீவில் அழிந்த மறுநாள், நியூபிரிட்ஜ் என்ற பழைய கப்பலைக் கால்வாய் ஒன்றில் மூழ்கடித்து அடைத்தார்கள். ஆனால் வேறு கால்வாய்கள் இருந்தன.

இதே சமயம் வடக்கே தாங்கா துறைமுகத்தில், பிரிட்டனுக்காக அனுப்பப்பட்ட இந்தியப் படைகள் கரையிறங்கித் தோற்று ஓடின. அதில் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63வது காலாட்படையும் இருந்தது. நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இந்தப் போருக்கும் உள்ள தொடர்பு அது. தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கப்பலைச் சுட முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காக டென்னிஸ் கட்லர் என்ற விமானியை ஒரு கர்ட்டிஸ் படகு விமானத்தோடு கொண்டுவந்தார்கள். அவர் கடைசியில் சிறைபிடிக்கப்பட்டார். 1915 ஏப்ரலில் கரியும் குண்டுகளும் ஏற்றிக்கொண்டு, டென்மார்க் கப்பல் போல வேஷமிட்டு ஜெர்மனியிலிருந்து ரூபென்ஸ் வந்தது. மன்சா விரிகுடாவில் ஹயசிந்த் என்ற பிரிட்டிஷ் குரூஸர் அதைத் தாக்கித் தீவைத்தது. எரிந்த கப்பலிலிருந்து ஜெர்மானியர்கள் துப்பாக்கிகளையும் ரவைகளையும் தரைப்படைக்காக மீட்டார்கள். கோனிக்ஸ்பெர்குக்கு வந்த கரி மட்டும் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

கடைசியில் அதை முடித்தவை செவர்ன், மெர்சி என்ற இரண்டு மானிட்டர் கப்பல்கள், அதாவது ஆழமில்லாத நீரிலும் போகும் பீரங்கிக் கப்பல்கள். அமேசான் ஆற்றுக்காக பிரேசில் கட்டச்சொல்லி, போர் வந்ததும் பிரிட்டன் வாங்கிக்கொண்டவை. இரண்டு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் மிதக்கும். மால்டாவிலிருந்து கட்டி இழுத்தே கொண்டுவந்தார்கள். ஜூலை 6 அன்று முதல் தாக்குதலில் மெர்சி அடிவாங்கித் திரும்பியது. கோனிக்ஸ்பெர்கின் பீரங்கி வீரர்கள் பட்டினியிலும் மலேரியாவிலும் அவ்வளவு துல்லியமாகச் சுட்டார்கள். ஜூலை 11 அன்று கல், ஆர்னால்ட் என்ற இரண்டு விமானிகள் மேலிருந்து குண்டு விழும் இடத்தைத் தந்திச் செய்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விமானம் சுடப்பட்டு ஆற்றை நோக்கிச் சரியும்போதும் ஆர்னால்ட் திருத்தம் அனுப்புவதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்த குண்டுகள் நேராக விழுந்தன. படுகாயமடைந்த லோஃப் தன் கப்பலைத் தானே டார்பிடோவால் தகர்க்கச் சொன்னார்.

நீங்கள் 'அங்கேயே அழிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் சரிதான். ஆனால் அதன் பத்து பீரங்கிகளையும் ஆற்றிலிருந்து எடுத்து, தார் எஸ் சலாம் பட்டறையில் சக்கர வண்டிகள் செய்து ஏற்றினார்கள். ஒன்றை டாங்கனிக்கா ஏரியிலிருந்த கிராஃப் வான் கோட்ஸன் என்ற நீராவிக்கப்பலில் பொருத்தினார்கள். மற்றவற்றோடு ஜெர்மன் தரைப்படைத் தளபதி பால் வான் லெட்டோ-வோர்பெக்கின் படை 1917 வரை கண்டத்துக்குள் போரிட்டது. ஒரு பீரங்கியை இழுக்க நூற்றுக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். மேட்டிலும் சதுப்பிலும், மழையிலும். தப்பிப்பிழைத்த மாலுமிகளும் அந்தப் படையில்தான் சேர்ந்தார்கள். 1919 மார்ச்சில் பெர்லினில் லெட்டோ-வோர்பெக்குடன் ஊர்வலம் போன பிழைத்தவர்களை ஜெர்மனி கொண்டாடியது.

இழுத்தவர்களுக்கு ஊர்வலம் கிடையாது. கிழக்கு ஆப்பிரிக்கப் போரில் இரண்டு தரப்புக்கும் சுமந்த ஆப்பிரிக்கர்களில் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் பல்லாயிரம். இந்தக் கடற்போரில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். எம்டன் போனபின் அதன் பீரங்கிகளை யாரும் தரையில் இழுத்துப் போரிடவில்லை. கோனிக்ஸ்பெர்க் போனபின் அதன் பாரத்தை இரண்டு வருடம் மனிதர்கள் முதுகிலும் தோளிலும் இழுத்தார்கள். நான் பெரிய கதை என்றது இதைத்தான்.

போக முடிந்தால், மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையில் கோனிக்ஸ்பெர்கின் ஒரு பீரங்கியும், அது மூழ்கடித்த பெகாசஸின் ஒரு பீரங்கியும் இருக்கின்றன, பாருங்கள். தார் எஸ் சலாமில் கரியாக்கூ சந்தைப் பகுதிக்கும் போங்கள். பிரிட்டிஷ் சுமைகாரர் படையின் முகாம் இருந்த இடம் அது. கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் சொன்ன இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது இடத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.