வீடு யாருக்கு, வைப்பு யாருக்கு?

வாசகியின் கடிதம்: எனக்கு 66 வயது. தனியார் நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றேன். சேமலாப நிதிப் பணமும் சேமிப்புமாக 75 இலட்சம் ரூபாவை ஒரு நிதிக் கம்பனியில் நிலையான வைப்பில் இட்டிருக்கிறேன். மாத வட்டி 55,000 ரூபாவில் 5,500 ரூபாவை வரியென்று கழிக்கிறார்கள். வேறு வருமானம் இல்லை. கணவர் மரணசாசனம் எழுதாமலே காலமானார். திருமணத்தின் பின் தமது சம்பளத்தில் அவர் தம் பெயரில் வாங்கிய வீட்டை, என்னைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு எழுதிவிட்டு, வைப்பை மகளுக்கும் டொரன்டோவிலுள்ள மகனுக்கும் சரிபாதியாகக் கொடுக்க விரும்புகிறேன். வைப்புக்கு மகளையே பின்னுரித்தாளராக (எனக்குப் பின் பணத்தைப் பெறுபவராக) பதிந்துள்ளேன். இது சரிதானே? (வெள்ளவத்தை)

பதில்: அன்புள்ள அம்மா, வரி விடயம் எளிதானது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டிமீதான நிறுத்திவைத்தல் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது; அதே நாளில் தனிநபர் வருடாந்த வரிவிலக்கும் 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. உங்கள் வருட வருமானம் 660,000 ரூபா மாத்திரமே என்பதால், அதற்குரிய சுயபிரகடனத்தை நிதிக் கம்பனியிடம் கொடுத்தால் வட்டி முழுமையாகக் கைக்கு வரும். ஏற்கெனவே கழித்த தொகையை, வருமான விவரத்திரட்டைச் சமர்ப்பித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் மீளக் கோரலாம்.

வரியைவிட எனக்குக் கவலை தருவது, முழுப் பணமும் ஒரே கம்பனியில் இருப்பதுதான். வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரையே ஈடு செய்யும். தவணை முடியும்போது ஒரு பெரும் பகுதியையாவது, வைப்புகளுக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் அளிக்கும் தேசிய சேமிப்பு வங்கிக்கு மாற்றுங்கள். வட்டி சற்றுக் குறையலாம், ஆனால் இந்த வயதில் முதற்பணத்தை இழந்தால் மீண்டும் உழைத்துச் சேர்க்க முடியாது.

வீட்டுக்கு வருவோம். அந்த வீடு முழுவதும் உங்களுடையது அன்று, ஆகையால் முழுவதையும் மகளுக்கு எழுதவும் முடியாது. கணவர் மரணசாசனம் எழுதாமல் இறந்ததால் அரைவாசி உங்களுக்கும் மற்ற அரைவாசி பிள்ளைகளுக்கும் சேர்ந்துவிட்டது. நீங்கள் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டம்) உட்பட்ட குடும்பமானால் அது தேடியதேட்டம், அதாவது திருமணத்தின் பின் தேடிய சொத்து. இல்லையேல் திருமணச் சொத்துரிமை, வாரிசுரிமை பற்றிய 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் பொருந்தும். இரு வழியிலும் கணக்கு ஒன்றே: மகனுக்கு இப்போதே கால் பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் இருக்கும்வரை பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. மாவட்ட நீதிமன்றத்தில் கணவரின் சொத்துக்கான மரணசாசன வழக்கை (சாசனம் எழுதாதபோதும் அதன் பெயர் இதுதான்) முடித்த பின்னர், மகன் மனமுவந்து தமது கால் பங்கைச் சகோதரிக்கு நன்கொடை உறுதியாக எழுதலாம். வர இயலாவிடின் டொரன்டோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தமக்காக இன்னொருவர் கையொப்பமிடும் அதிகாரம்) எழுதி அனுப்பலாம்.

உங்கள் அரைவாசியை இப்போதே நன்கொடையாகக் கொடுப்பதானால் சீவிய உரித்தை (ஆயுள்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு கொடுங்கள். என் தெரிவு மரணசாசனமே, ஏனெனில் மனம் மாறினால் அதை மாற்றலாம், கொடுத்த உறுதியை மீளப் பெறுவது பெரும்பாடு. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையில் அதை எழுதலாம். பிள்ளைகளைச் சாட்சியாக வைக்க வேண்டாம். மரணத் தீர்வை (இறந்தவரின் சொத்துமீதான வரி) இலங்கையில் 1980களிலேயே நீக்கப்பட்டுவிட்டதால் அந்தப் பயம் தேவையில்லை.

வைப்பைச் சரிபாதி என்று மரணசாசனத்தில் எழுதினால் மட்டும் போதாது. பணத்தைக் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது பின்னுரித்தாளர் படிவத்தை. அதில் மகள் பெயர் மட்டும் இருந்தால் பணம் அவர் கைக்கே போகும், மகன் பின்னர் கேட்க நேர்ந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். இருவர் பெயரையும் பங்கு குறிப்பிட்டுப் பதிய இடமுண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வைப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையைப் பதியுங்கள். நொத்தாரிசைச் சந்திக்குமுன் மகனுக்குத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் அவருக்குள்ள கால் பங்கைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள்.