ஊலாங் தேநீர் குடித்தால் உடல் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. தக்காளி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை. மண்டிக்கு வருபவர்களுக்கு டீ சொல்லும்போது எனக்கும் ஒன்று வந்துவிடுவதால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீ தினமும் நான்கு குடிக்கிறேன். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகள் சீன ஊலாங் டீ பாக்கெட் ஒன்றை வாங்கி அனுப்பி, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் குடித்தால் ஒரே மாதத்தில் ஐந்து கிலோ குறையும் என்கிறாள். குடிக்கலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் புழக்கம்.
– ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் ஐந்து கிலோ குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; சாப்பிட்டவுடன் குடிக்கவும் வேண்டாம்.

ஊலாங் தனி மூலிகை எதுவும் அல்ல. மண்டிக்கு வரும் டீ எந்தச் செடியின் இலையோ, அதே செடியின் இலைதான் இதுவும். பறித்த இலையை முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையவிட்டால், அதாவது காற்றுபட்டுக் கறுக்கவிட்டால், நமக்குப் பழக்கமான கறுப்புத் தேயிலை. உடனே சூடுகாட்டி அதைத் தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. இடையில் நிறுத்தினால் ஊலாங். சீனாவின் ஃபூஜியன், குவாங்டாங் மாகாணங்களும் தைவானும் இதற்குப் பெயர்பெற்றவை. நம் நீலகிரியிலும் சில தோட்டங்களில் இதைத் தயாரிக்கிறார்கள்.

எடைக் குறைப்புப் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாள் முழுவதும் பலமுறை ஊலாங் குடித்த 12 ஆண்களின் உடல், வெறும் தண்ணீர் குடித்த நாட்களைவிட ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 67 கலோரி அளவுக்குக் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டது. ஆனால் அதே ஆய்வில், தேநீரில் உள்ள அளவுக்குக் காஃபீனை மட்டும் கரைத்த தண்ணீரைக் குடித்தபோதும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்விலும், ஊலாங் குடித்தவர்களின் உடலில் கொழுப்பு எரிவது சுமார் 20 சதவீதம் கூடியது. காஃபீன் மட்டும் எடுத்தபோதும் அப்படியே கூடியது. மொத்த ஆற்றல் செலவோ இரண்டிலும் கூடவில்லை. அந்த 67 கலோரி தவறாமல் தினமும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கின்படி, மாதத்துக்குக் கால் கிலோவைச் சற்றே தாண்டும். ஐந்து கிலோ எங்கே, கால் கிலோ எங்கே!

உங்களுக்கு உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ 40 கலோரி, 100 மில்லி பால் ஏறத்தாழ 60 கலோரி என்று கொண்டால், ஒரு டீக்கு நூறு, நான்கு டீக்கு நானூறு கலோரி ஆகிறது. கூடவே போகும் பிஸ்கட்டை நான் சேர்க்கவில்லை. இவற்றில் மூன்றை விட்டுவிட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத ஊலாங்கை அந்த இடத்தில் குடித்தால் தினமும் முந்நூறு கலோரி குறையும். அதை வேறு பண்டங்களால் ஈடுகட்டாமல் இருந்தால் சில மாதங்களில் தராசு முள் இறங்குவதை நீங்களே பார்க்கலாம். சர்க்கரையில்லா வரக்காப்பி குடித்தாலும் இதே பலன்தான். ஊலாங்கின் வாசனை பிடித்திருந்தால் ஊலாங் குடியுங்கள். மாறாக, நான்கு பால் டீயையும் வைத்துக்கொண்டு மேற்கொண்டு மூன்று ஊலாங் குடித்தால், இரவுத் தூக்கம் கெடுவதைத் தவிர பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. மாலை நான்கு மணிக்குமேல் அதைத் தொடாதீர்கள்.

சாப்பிட்டவுடன் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள், ராகிக் களியிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கும் நிலையில், களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது வீண். உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது போகட்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே எந்தத் தேநீரையும் குடிக்க வேண்டும்.

போர் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள்; எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்ற, மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் உப்பு, அளவுக்கு மீறி இருப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. இலை முற்ற முற்ற அது கூடும். ஊலாங்குக்குப் பெரும்பாலும் கொழுந்தைவிடச் சற்று முற்றிய இலைகளைத்தான் பறிக்கிறார்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள்; போகாது, நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவுதான் கூடும். ஆகவே ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் பயன்படுத்துங்கள், பால் டீக்கும் சேர்த்தே.

அடுத்து, பாக்கெட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தேயிலை மட்டும் இருந்தால் சரி. நிலவாகை, அதாவது சென்னா, சேர்ந்திருந்தால் அது பேதி மருந்து. அதில் குறைவது உடலின் நீரே தவிர கொழுப்பல்ல. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத பாக்கெட்டைப் பிரிக்காமலேயே ஒதுக்கிவிடுங்கள். பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தை, இதய ஆபத்து கருதி இந்தியாவில் 2011இல் தடை செய்தார்கள். ‘எடை குறைப்பான்’ என்ற பெயரில் விற்கும் பண்டங்களில் அது இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

உங்கள் உயரத்துக்கு 71 கிலோ கூடுதல்தான். முதல் இலக்காக, ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்தாலே போதும். தைராய்டு மாத்திரையின் அளவு போதாமல் இருந்தாலும் எடை ஏறும் என்பதால், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையையும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையையும் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் செய்துகொண்டு, அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.