பயங்கரவாத ஆய்வாளர் ஆகலாமா?

கேள்வி: அரசியல் அறிவியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். பயங்கரவாதம், பாதுகாப்பு குறித்து முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. "படிக்க வேறு பாடமே கிடைக்கவில்லையா? போலீஸ் வீடு தேடி வரும்" என்கிறார் அப்பா. உண்மையில் இந்தத் துறையில் என்னதான் வேலை?
– வாசகி ஒருவர்

பதில்: அப்பாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். 2008இல் பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஆய்வுக்காக அல்-கொய்தாவின் பயிற்சிக் கையேட்டை இணையத்திலிருந்து எடுத்தார். அமெரிக்க நீதித்துறையின் தளத்திலேயே கிடைத்த ஆவணம்தான் அது. ஆனாலும் கைதாகிப் பல நாள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். 2011இல் காவல்துறை அவருக்கு 20,000 பவுண்டு இழப்பீடு தந்தது. எனவே எதைப் படிக்கப்போகிறீர்கள், எங்கே சேமிப்பீர்கள், யாரிடம் பேசுவீர்கள் என்பதற்கெல்லாம் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்தத் தாளை அப்பாவிடமும் காட்டுங்கள்.

பேட்டி எடுக்கப் போனால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் திட்டம் ஒன்று, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் "நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது" என்று வாக்களித்துப் பேச்சைப் பதிவு செய்தது. 2011இல் அந்தப் பதிவுகளை ஒப்படைக்கச் சொல்லிச் சட்டப்படியான உத்தரவு வந்தது. பிறகு சில ஒலிநாடாக்கள் காவல்துறையின் கைக்கே போய்விட்டன. நீதிமன்றம் கேட்டால் காப்பாற்ற முடியாத வாக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மற்றபடி இது மேசை வேலை. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970 முதலான சம்பவங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு சின்னச் செய்தி வருகிறது என்று வையுங்கள்: இரவில் ஒரு கடை வாசலில் குண்டு வெடித்தது, யாரும் பொறுப்பேற்கவில்லை. இது அரசியலா, மாமூல் தகராறா? அட்டவணையில் எந்தக் கட்டத்தில் குறிப்பது? ஒரு வரிச் செய்தியோடு அரை நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 'பயங்கரவாதம்' என்ற சொல்லுக்கே அலெக்ஸ் ஷ்மிட் என்ற அறிஞர் 1980களில் 109 வரையறைகளைத் திரட்டினார். சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தத் தரவுத்தளத்தில் 1993ஆம் ஆண்டின் சம்பவ விவரங்கள் இல்லை. அலுவலகம் மாறியபோது தொலைந்துபோயின! இந்த மாதிரி ஓட்டைகளைத் தெரிந்துகொண்டு புள்ளிவிவரத்தைக் கையாள்பவர்தான் என் கணக்கில் நிபுணர்.

குண்டு வெடித்த அரை மணி நேரத்தில் தொலைக்காட்சியில் உட்கார்ந்து காரணம் சொல்பவரை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களையும் ஒருநாள் கூப்பிடுவார்கள். "இன்னும் தெரியவில்லை" என்று சொன்னால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள், போகட்டும்.

இந்தப் பெயரிலேயே பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பன்னாட்டு உறவுகள், குற்றவியல், உளவியல் என்று எந்தத் துறையிலும் பாடம் நடத்தும் தகுதியை வளர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வு முன்வரைவில் 'உலகப் பயங்கரவாதம்' என்று அகலக்கால் வைக்காதீர்கள். இத்துறையின் முன்னோடி மார்த்தா கிரென்ஷாவே அல்ஜீரியாவின் ஒரே ஓர் இயக்கத்தை ஆராய்ந்துதான் தொடங்கினார். நீங்களும் ஓர் இயக்கம், ஒரு பத்தாண்டு என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் துண்டறிக்கை எழுதிய மொழியை இந்த விடுமுறையிலேயே கற்கத் தொடங்குங்கள்.