தண்ணீர்த் தாங்கி நிறைந்ததை மோட்டருக்கு யார் சொல்வது?

கட்டுப்பாட்டுப் பொறியியல் பற்றி எழுதிய அறிமுகத்துக்குப் பிறகு வந்த கேள்விகளில் சில இங்கே. பெரும்பாலானவை கிணற்றடியிலிருந்தும் குசினியிலிருந்தும் எழுந்தவை. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கட்டுப்பாட்டுப் பொறியியல் என்றால் ரோபோ செய்வதா?
(உயர்தர மாணவி, சாவகச்சேரி)

ரோபோவும் அதில் அடங்கும். ஆனால் அதன் அடிப்படை உங்கள் பாட்டனாரின் தோட்டத்திலேயே இருந்தது. கிணற்றில் நீர் இறைக்கும் துலாவில் ஒருவர் ஏறி நடப்பார். ஒருவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் மண்வெட்டியுடன் வெங்காயப் பாத்தியருகே நிற்பார். பாத்தி நிறைந்தவுடன் மண்ணை அணைத்து வாயை மூடி, அடுத்த பாத்தியைத் திறந்துவிடுவார். நீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறார், வேண்டிய அளவோடு ஒப்பிடுகிறார், வித்தியாசத்துக்கு ஏற்பச் செயற்படுகிறார். இதுதான் பின்னூட்டல். இப்படி விளைவு திரும்பி வந்து செயலைத் திருத்தினால் அது மூடிய வளையம்.

மின்விசிறியை மூன்றாம் எண்ணில் விட்டுத் தூங்குங்கள். விடியற்காலைக் குளிரில் நீங்கள் போர்வையைத் தேடினாலும் அது அதே வேகத்தில்தான் சுற்றும். அது திறந்த வளையம். பாத்தியருகே நின்றவரின் கண்ணையும் கையையும் இயந்திரத்துக்குக் கொடுப்பதே எங்கள் தொழில்.

தாங்கியில் மிதவை ஆளி பூட்டிய நாளிலிருந்து மோட்டர் அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது. ஆளி பழுதா?
(இல்லத்தரசி, கோண்டாவில்)

நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி மோட்டரை ஓடவும் நிற்கவும் வைக்கும் சுவிட்ச்தான் மிதவை ஆளி. பெரும்பாலும் ஆளி பழுதாக இருக்காது. என் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. மாடியேறித் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தேன். மிதவையின் வயரைக் குழாயோடு சேர்த்து, ஒரு சாண் நீளம் மட்டும் விட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதனால் நீர் நான்கு விரல் இறங்கினாலே மிதவை கவிழ்ந்து மோட்டரை ஓடவிடும். நான்கு விரல் ஏறினால் நிமிர்ந்து நிறுத்திவிடும். மேலிருந்து விழும் நீரின் அலையடிப்பு வேறு மிதவையை ஆட்டிக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்த்து வயரை நீளமாக விட்டேன். இப்போது நீர் ஒன்றரை அடி இறங்கிய பிறகுதான் மோட்டர் தொடங்குகிறது.

ஓடத் தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே வேண்டுமென்றே விடும் இந்த இடைவெளி மிக முக்கியமானது. மோட்டர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அடிக்கடி தொடங்கினால் சுருள் சூடாகிக் கருகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். மேலே உள்ள மிதவைக்குத் தாங்கி மட்டுமே தெரியும், கிணறு தெரியாது. நம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்தபடி இருக்கிறது. கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறி வரும். ஆகவே கிணற்றுக்குள்ளும் ஒரு மிதவை பூட்டி, நீர்மட்டம் இறங்கினால் மோட்டர் நிற்கும்படி செய்யுங்கள். அது உப்பை அளக்காது. ஆனாலும் கிணறு ஊறி வர அவகாசம் கொடுக்கும். மோட்டர் வெறுமையாக ஓடி எரிவதையும் தடுக்கும். சித்திரை வெயிலுக்கு முன் பூட்டிவிடுங்கள்.

ஏசியை 18 பாகையில் வைத்தால் அறை விரைவாகக் குளிருமா?
(மானிப்பாய்)

குளிராது. சாதாரண ஏசியின் அமுக்கி (கம்பிரசர்) ஒன்றில் ஓடும், இல்லையேல் நிற்கும். 18இல் வைத்தாலும் 26இல் வைத்தாலும் குளிரும் வேகம் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. மின்கட்டணமும் வேறு.

கூரை நிறைய சோலார் இருக்கிறது, வெயிலும் எரிக்கிறது. மின்சாரம் தடைப்பட்டால் எங்கள் வீடும் ஏன் இருண்டு போகிறது?
(பருத்தித்துறை)

மின்கலம் இல்லாத உங்கள் இன்வேர்ட்டர் மின்வழங்கலின் 230 வோல்ட்டையும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனையும் (மின்னோட்டம் ஒரு செக்கனில் ஆடும் தடவைகள்) பார்த்தே தன்னை நடத்துகிறது. அவை மறைந்தால் அது நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பித் தூணில் ஏறும் ஊழியரின் உயிர் போகும்.

அந்த 50 ஹேர்ட்ஸும் ஒரு மூடிய வளையத்தின் வேலைதான். தேவை கூடினால் மின்பிறப்பாக்கிகளின் வேகம் சற்றுக் குறையும், மீடிறன் இறங்கும். அதை உணர்ந்து சுழலிக்குள் நீரோ நீராவியோ கூடுதலாக விடப்படும். கனத்த இயந்திரங்கள் பல சுழன்றுகொண்டிருந்தால் மீடிறன் மெல்ல இறங்கும், திருத்த நேரம் கிடைக்கும். அவை குறைந்து சோலார் கூடிய வேளையில் அந்த அவகாசம் சுருங்கிவிடுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமைப் பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு இலங்கை முழுவதையும் மின்சாரமின்றி நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு மின்கலச் சேமிப்பும் வளரவேண்டும்.

பி.ஐ.டி. கட்டுப்பாட்டில் மூன்று பகுதிகள் எதற்கு? ஒன்று போதாதா?
(பொறியியல் மாணவன், கிளிநொச்சி)

விலகலின் அளவு, அது சேர்ந்த தொகை, அது மாறும் வேகம் ஆகிய மூன்றையும் பார்த்துத் திருத்துவதே பி.ஐ.டி. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதத்தில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சைக்கிள் ஓடியிருக்கிறீர்களா? காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். விலகிய அளவுக்கு மட்டும் கைபிடியைத் திருப்பினால் (இது விகிதசமப் பகுதி), காற்று ஓயும்வரை வீதியின் ஓரமாகவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். விலகல் நீடிக்க நீடிக்க அதைக் கூட்டிக்கொண்டே வந்து, காற்றுக்கு எதிராக உடலைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அது தொகையீட்டுப் பகுதி. ஒரு பஸ் பக்கத்தில் வந்து காற்றைச் சட்டென்று மறைக்கும்போது, விலகும் வேகத்தை உணர்ந்து முன்கூட்டியே கையைத் தளர்த்துவது வகையீட்டுப் பகுதி. பொறியியலாளர் மினோர்ஸ்கி 1922இல் கப்பல்களின் சுக்கானைப் பற்றி எழுதியபோது, அனுபவமுள்ள மாலுமிகள் இப்படித்தான் திருப்புகிறார்கள் என்பதைக் கவனித்தே தன் கணிதத்தை அமைத்தார்.

திருத்தம் கூடினால் ஆட்டம் வரும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சுழலும் இரு குண்டுகளைப் பூட்டினார். அவ்வகைக் கருவிகள் சில, வேகத்தைச் சீராக்காமல் ஏற்றி இறக்கித் தத்தளித்தன. ஏன் என்று 1868இல் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் சமன்பாடுகளால் காட்டினார். வகையீட்டுச் சமன்பாடு எதற்கு என்று சலிப்பு வரும் இரவுகளில் அந்தக் குண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவில்லாமல் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?
(ஆசிரியை, உரும்பிராய்)

துணி தேய்க்கும் மின்னழுத்தியைக் காட்டுங்கள். அதற்குள் ஈருலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. சூடேறினால் வளைந்து மின்னைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். சிவப்பு விளக்கு எரியும் நேரத்தையும் அணைந்திருக்கும் நேரத்தையும் மாணவர்கள் செக்கன் கணக்கில் குறிக்கட்டும். முதலில் அழுத்தியைச் சும்மா நிறுத்தி வைத்துப் பத்து முறை, பிறகு நீங்கள் ஈரச் சேலையைத் தேய்க்கும்போது பத்து முறை. இரண்டு வரிசைகளையும் வரைபடத் தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள்.