ரியாலிட்டி ஷோவில் ‘வில்லன் எடிட்’ என்றால் என்ன?

ஒருவர் உண்மையில் செய்தவற்றிலிருந்தே எரிச்சலூட்டும் துண்டுகளை மட்டும் பொறுக்கிக் கோத்து, அவரைக் கெட்டவராகக் காட்டுவதுதான் ‘வில்லன் எடிட்’. 24 மணி நேரப் பதிவு ஒரு மணி நேரமாகச் சுருங்கினால், மீதி 23 மணி நேரம் நம் கண்ணுக்கு வருவதே இல்லை.

ஒருவர் அழுகிறார், அடுத்த ஷாட்டில் இன்னொருவர் உதட்டோரம் சிரிக்கிறார். ‘என்ன கல்நெஞ்சம்!’ என்று கொதிக்கிறோம். அந்தச் சிரிப்பு காலையில் யாரோ சொன்ன ஜோக்குக்காக இருந்திருக்கலாம். அடுத்தடுத்து வரும் காட்சிகளை மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். பக்கத்து அறையில் ஒருவர் போனில் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு, முழுச் சண்டையையும் ஊகிப்பது போல. இதை நம்பி, நேரில் பார்த்தேயிராத மனிதரை இணையத்தில் திட்டித் தீர்க்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

‘அப்படியானால் எல்லாமே ஸ்கிரிப்ட்தானே?’ என்பார்கள். அவசியமில்லை. அழுகையும் நிஜம், சிரிப்பும் நிஜம், வரிசைதான் மாறியிருக்கிறது.