நூறு வெள்ளி வெட்டும் நாடாளுமன்றக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

போக்குவரத்து அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கச் சொல்லிச் சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டு வருகிறார்கள். பேசி முடித்ததும் அவர்களே மீட்டுக்கொள்கிறார்கள். இதில் என்ன பயன்?
– வாசகர், செங்காங்

அந்த 100 வெள்ளி, பேசுவதற்கான நுழைவுச்சீட்டு. அதிபரின் பரிந்துரையை ஓர் அமைச்சர் தெரிவிக்காமல், செலவைக் கூட்டும் திருத்தத்தை யாரும் கொண்டுவர அரசமைப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. குறைக்கச் சொல்லலாம். அதனால்தான் உறுப்பினர்கள் தாங்கள் பேச விரும்பும் பொருளைக் குறிப்பிட்டு, பெயரளவுக்கு 100 வெள்ளி வெட்டுக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கிறார்கள். ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீட்டையும் குறிக்க ஓர் ஆங்கில எழுத்து உண்டு: போக்குவரத்துக்கு டபிள்யூ (W), தேசிய வளர்ச்சிக்கு டி (T). முழு நாடாளுமன்றமும் குழுவாக அமர்ந்து அமைச்சுகளின் ஒதுக்கீட்டை ஒவ்வொன்றாக எடுக்கும். நேரம் கறாரானது. ஒதுக்கிய நேரம் தீர்ந்தால் விவாதம் அங்கேயே நின்று வாக்கெடுப்புக்குப் போய்விடும்.

உங்கள் வட்டாரப் பிரச்சினை அங்கே எழ வேண்டுமானால், பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும் முன்பே உறுப்பினரிடம் எழுதிக் கொடுங்கள். மார்ச்சில் மக்கள் சந்திப்புக்குப் போய்ச் சொன்னால் காலம் கடந்திருக்கும்.

ஒரு கட்டுமானத் திட்டத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பொதுமக்கள் பார்க்க முடியுமா?
– வாசகர், புக்கிட் பாஞ்சாங்

முடியும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துடன் வரும் வருவாய், செலவின மதிப்பீட்டு நூலை நிதி அமைச்சின் இணையத்தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். அமைச்சின் பக்கத்தில் நடைமுறைச் செலவினத்தை (அன்றாடச் செலவு) தாண்டி, கட்டுமானம் போன்ற திட்டங்கள் வரும் வளர்ச்சிச் செலவினப் பட்டியலுக்குப் போங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் மொத்தச் செலவு, இதுவரை செலவானது, நடப்பாண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என வரிசையாக இருக்கும்.

ஒரே ஆண்டு நூலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முந்தைய ஆண்டு நூலையும் பக்கத்தில் விரித்து, அதே திட்டத்தின் மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். கூடியிருந்தால், ஏன் என்பதுதான் உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வி. திருத்திய மதிப்பீடு குறைந்திருந்தால் சிக்கனம் என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் வேலை தாமதம் என்றே பொருள். நிலத்தடிக் குழாய்களையும் மின்வடங்களையும் இடம் மாற்ற நாளாகும், ஆள்பற்றாக்குறை வரும். அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். கூரையிட்ட நடைபாதை போன்ற வேலைகளைத் தனியாகத் தேடிக் களைக்காதீர்கள். சிறு திட்டங்கள் ஒரே வரியில் மொத்தமாக அடைக்கப்பட்டிருக்கும். இது பெரிய குறை என்றே கருதுகிறோம். மக்கள் அன்றாடம் கால் வைக்கும் வேலைகள்தான் அந்த வரியில் மறைகின்றன.

மதிப்பீட்டுக் குழுவுக்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், தெம்பனிஸ்

முதலாவது, அரசின் கொள்கையை மாற்றாமல் எங்கே சிக்கனமும் செயல்திறனும் கூடும் என மதிப்பீடுகளைப் பார்க்கும். இரண்டாவது, செலவழித்த பிறகு, தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையை வைத்து அமைச்சுகளிடம் விளக்கம் கேட்கும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். அறிக்கை நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும்.

கட்டுமானத்தில் பணம் கசிவது பெரும்பாலும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்கு ‘ஸ்டார் ரேட்’ என்று புது விலை வைப்பார்கள். அதற்குக் குத்தகையாளர் காட்டும் விலைப்புள்ளிகளை அதிகாரி நேரில் சரிபார்க்காவிட்டால் கேட்ட விலையே நிலைத்துவிடும். ‘வேரியேஷன்’, அதாவது ஒப்பந்தத்துக்குப் பிறகு மாற்றிய அல்லது கூட்டிய வேலையை முதலில் செய்யச் சொல்லிவிட்டு ஒப்புதலைப் பிறகு வாங்குவதும் இதே ரகம்.

ஆலோசனைக் கட்டணத்தையும் கவனியுங்கள். விக்டோரியா அரங்கச் சீரமைப்பை ஒட்டிக் கட்டிய குப்பை சேகரிப்பு மையத்துக்குக் கட்டுமானச் செலவு 470,000 வெள்ளி, ஆலோசனைக் கட்டணம் 410,000 வெள்ளி. 2016 கணக்காய்வு அறிக்கை இதைச் சுட்டிக்காட்டியது. கட்டணம் நியாயமானதா என்று அதைச் செலுத்திய தேசியக் கலைகள் மன்றம் மதிப்பிட்டதற்குச் சான்று இல்லை என்பதே அறிக்கை சொன்ன குறை. பிறகு நாடாளுமன்றத்தில் இதற்கு விளக்கம் தரவேண்டி வந்தது. கணக்காய்வு அறிக்கை வழக்கமாக ஜூலையில் வெளியாகும். அதை முதலில் படித்துவிட்டுப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையைத் தேடுங்கள்.